கல்யாணப் போட்டோவுக்கு எத்தனை மணி நேரம் பேசுவது?

புகைப்படக்காரர்களிடம் விசாரிக்கத் தொடங்கியதும் முதலில் கைக்கு வருவது பேக்கேஜ் பட்டியல். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், முழு நாள் என்று வரிசையாக இருக்கும், எதிரே தொகை. புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பதைத் தொட்டுவிடுகிறார்கள். கஞ்சத்தனமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவருக்கு உங்கள் கல்யாணம் எத்தனை மணிக்கு, எத்தனை இடங்களில், எத்தனை பேர் நடுவே நடக்கப்போகிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே கணக்கை உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பேக்கேஜைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டியது ஒரு தாளும், கல்யாண நாளின் உத்தேச நேரங்களும், யாரும் குறுக்கிடாத ஒரு மாலைப்பொழுதும்தான்.

1. எந்தப் படங்கள் வேண்டும் என்று எழுதுங்கள்

மணமக்கள் இருவரும் தனித்தனியே உட்கார்ந்து, தங்களுக்கு வேண்டிய படங்களைப் பதினைந்துக்கு மிகாமல் எழுதுங்கள். தனித்தனியே என்பது முக்கியம். சேர்ந்து எழுதினால் பேச்சில் கெட்டிக்காரர் யாரோ அவருடைய பட்டியல்தான் தாளில் ஏறும். இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமும் ஆளுக்கு மூன்று படம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பணம் கொடுப்பவர்கள் அவர்கள். பின்னால் ஆல்பத்தை எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டப்போகிறவர்களும் அவர்கள்.

எழுதும்போது தலைப்பாக எழுதாதீர்கள். 'மேக்கப் படங்கள்' என்று எழுதினால் அது எவ்வளவு நேரம் என்று யாருக்கும் புரியாது. 'அலங்காரம் முடிந்து நான் எழுந்து நிற்கும்போது அம்மாவின் முகம்' என்று எழுதினால், அதற்குப் புகைப்படக்காரர் எத்தனை மணிக்கு அறையில் இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். 'தாத்தாவோடு நாங்கள் நான்கு பேரக்குழந்தைகள்' என்பதும் அப்படித்தான். தாத்தா எத்தனை மணிக்குக் களைத்துப்போவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எழுதி முடித்ததும், இல்லாவிட்டால் வருந்துவேன் என்று தோன்றும் படங்களுக்கு மட்டும் அடியில் ஒரு கோடு போடுங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் கோடு விழுந்தால் இன்னொரு முறை பாருங்கள். சந்தேகம் வந்தால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது என்று கவனித்தால் போதும். மனிதர்கள் இருக்கும் பக்கத்தில், அதிலும் இப்போது இல்லாத மனிதர்கள் இருக்கும் பக்கத்தில்தான் நிற்கும். பூ அலங்காரத்தையும் மேசை விரிப்பையும் எல்லாரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

2. இரண்டு முனைகளைப் பிடியுங்கள்

கோடு போட்ட படங்களில் நேரத்தால் முந்தியது எது, பிந்தியது எது? இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் நீங்கள் வாங்கப்போகும் மணிக்கணக்கு. மற்ற எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

பலர் இதைத் தவற விடுகிறார்கள். செலவைக் குறைக்கலாம் என்று நினைத்து, நடுவில் இருக்கும் குடும்பப் படங்களையோ இருவரும் தனியாக எடுத்துக்கொள்ளும் படங்களையோ நீக்குகிறார்கள். அதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது; புகைப்படக்காரர் அந்த நேரத்தில் ஓரமாக நின்றிருப்பார், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் குறைய வேண்டுமானால் முன்முனையை இந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், அல்லது பின்முனையை.

எந்த முனை? என்னைக் கேட்டால் பின்முனை. வரவேற்பின் கடைசி இரண்டு மணி நேரத்தில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஆட்டம் பாட்டத்தில் முதல் அரை மணி நேரத்தில் எடுத்த படங்களுக்கும் மூன்றாவது மணி நேரத்தில் எடுத்த படங்களுக்கும் உள்ள வித்தியாசம், பின்னதில் வியர்வை அதிகம் என்பதுதான். காலையில் தயாராகும் நேரம் அப்படியல்ல. வீட்டார் மட்டும் இருக்கும் அறை, பதற்றம், பாதி சிரிப்பு, சன்னல் வெளிச்சம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான்.

இதற்கு விலக்கு உண்டு. நாளின் முடிவில் திட்டமிட்ட வழியனுப்பு இருந்து, அதற்குக் கோடும் போட்டிருந்தால், பின்முனை அங்கேதான் இருக்க வேண்டும். வழியனுப்பை முன்கூட்டியே ஒரு முறை நடித்துக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, புகைப்படக்காரரை அனுப்பிவிட்டு, மறுபடி உள்ளே வந்து விருந்தைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் மிச்சம்தான். படத்தில் கையசைப்பவர்களின் முகத்தைப் பார்த்தால் நடிப்பு தெரியும். அதற்குப் பதில் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை நல்ல கைபேசி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஒப்படைப்பது மேல்.

3. ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள்

மணமக்கள் தயாராவது: அலங்காரம் முழுவதையும் படம் பிடிக்க வேண்டியதில்லை. தலைமுடியில் கிளிப் மாட்டிக்கொண்டு பாதி முகத்தோடு இருக்கும் படங்களை யாரும் ஆல்பத்தில் சேர்ப்பதில்லை. அலங்காரம் முடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் போதும். அதில் முதல் இருபது, முப்பது நிமிடம் உடை, நகை, காலணி, அழைப்பிதழ் போன்ற பொருள்களுக்குப் போய்விடும். அவற்றை முந்தின இரவே ஒரே பெட்டியில் எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிடம் லாபம். அலங்காரக் கலைஞர் சொல்லும் முடிவு நேரத்தோடு அரை மணி நேரத்தைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். நாள் முழுவதும் தாமதமாகிறது என்றால், அந்தத் தாமதம் பிறக்கும் இடம் அநேகமாக இதுதான்.

கிளம்பும் கடைசி நிமிடத்தில் குடும்பப் படம் எடுக்கத் திட்டமிடாதீர்கள். 1858 ஜனவரி 25 அன்று, மூத்த மகளின் திருமணத்துக்குப் புறப்படும் முன் விக்டோரியா அரசி மகளோடும் கணவரோடும் நின்று எடுத்துக்கொண்ட டாகரோடைப் படம் (சில நொடி அசையாமல் நின்று, வெள்ளி பூசிய தகட்டில் எடுக்கும் அந்தக் காலப் படம்) ஒன்று உண்டு. அதில் அரசியின் முகம் மங்கலாக இருக்கிறது. அசையாமல் நிற்க அவரால் முடியவில்லை. இன்றைய கேமராக்கள் அசைவைச் சமாளித்துவிடும். பதற்றத்தை அவற்றால் மறைக்க முடியாது.

சடங்கு: அதன் முழு நேரம், அதற்கு முன் இருபது நிமிடம், பின் பதினைந்து நிமிடம். முன்னால் உள்ள இருபதில் விருந்தினர் வந்து அமர்வதும் காலியான மேடையும் கிடைக்கும். பின்னால் உள்ள பதினைந்தில் கட்டியணைப்பும் கண்ணீரும். இதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

குரூப் போட்டோ: இது தனியாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் எல்லாருடைய கணக்கும் தவறுவது இங்கேதான். ஒரு படம் எடுக்க ஒரு நொடி என்று நினைக்கிறோம். ஆனால் ஆட்களைக் கூப்பிட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், உயரமானவரைப் பின்னால் அனுப்ப வேண்டும், யாராவது கண் மூடியிருப்பார்கள் என்று நான்கைந்து முறை எடுக்க வேண்டும். ஒரு குழுவுக்குச் சராசரி மூன்று நிமிடம் என்று வையுங்கள். இருபது பேருக்கு மேல் இருந்தால் ஐந்து. பதினைந்து குழு என்றால் முக்கால் மணி நேரம். 'சும்மா ஒரு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், அவர் இதுவரை குரூப் போட்டோவில் நின்றிருக்கிறார், எடுத்ததில்லை.

நேரம் விரயமாவது எப்படி என்று பாருங்கள். எல்லாரும் வரிசையில் நின்றாயிற்று. "சித்தப்பா எங்கே?" என்று ஒரு குரல். சித்தப்பா வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேட அவருடைய மகன் போகிறான். மகனும் அந்தப் படத்தில் இருக்க வேண்டியவன். சித்தப்பா வந்து சேரும்போது மகனைக் காணோம். புகைப்படக்காரருக்கு இருவரையும் தெரியாது, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பக்கத்துக்கு ஒருவராக, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, குரல் உள்ள இரண்டு பேரிடம் எழுதிய பட்டியலைக் கொடுங்கள். அத்தையோ மாமாவோ யாராக இருந்தாலும் சரி, கொஞ்சம் அதட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள குழுக்களை முதலில் முடித்து அனுப்புங்கள். அடுத்த குழு பக்கத்திலேயே தயாராக நிற்க வேண்டும்.

இருவர் மட்டும் இருக்கும் படங்கள்: முப்பது முதல் நாற்பது நிமிடம். இங்கே எத்தனை நிமிடம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிது. உச்சி வெயிலில் ஒளி தலைக்கு மேலிருந்து விழுவதால் கண்குழிகளில் நிழல் கட்டும். மரத்தடியோ கட்டடத்தின் நிழலோ தேட வேண்டிவரும். சூரியன் அடிவானத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய ஆறு பாகைக்குள், இருக்கும்போது வரும் மென்மையான பொன்னிற வெளிச்சத்தைத்தான் புகைப்படக்காரர்கள் விரும்புகிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இந்த வெளிச்சம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும். குளிர்காலத்தில் துருவத்தை நெருங்கிய நாடுகளில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதும் உண்டு. உங்கள் ஊரில், உங்கள் தேதியில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் படங்களுக்காகவே விருந்தின் நடுவே இருபது நிமிடம் வெளியே போய்வரலாம், யாரும் தேடமாட்டார்கள்.

பயணம்: இரண்டு இடங்களில் நடந்தால், வரைபடம் காட்டும் நேரத்தோடு இருபது நிமிடம் சேருங்கள். விளக்கும் ஸ்டாண்டும் பிரித்து, ஏற்றி, வண்டி நிறுத்த இடம் தேடி, மறுபடி மாட்ட வேண்டும்.

வரவேற்பும் விருந்தும்: மணமக்கள் நுழைவது முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான முகங்கள் கிடைத்துவிடும். சாப்பிடும்போது படம் எடுப்பதில்லை. மெல்லும் வாயோடு யாரும் அழகாகத் தெரிவதில்லை. புகைப்படக்காரரும் அப்போதுதான் சாப்பிட வேண்டும். அவருக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், விருந்தினரோடு ஒரே நேரத்தில் கிடைக்கும்படி. கடைசிப் பந்திவரை காக்க வைத்தால், நீங்கள் சாப்பிட்டு எழுந்து உறவினரோடு சிரித்துப் பேசும் நேரத்தில் அவர் இலைக்கு முன்னால் இருப்பார்.

4. ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம்

சடங்கு காலை பதினொன்றுக்கு என்று வைத்துக்கொள்வோம். மணமகள் 9.45க்குத் தயாராகிறார். புகைப்படக்காரர் வருவது 8.45. 10.40க்குள் சடங்கு நடக்கும் இடத்தில் அவர் நின்றாக வேண்டும். சடங்கு 11.45க்கு முடிகிறது. வாழ்த்தெல்லாம் ஓய்ந்து 12 முதல் 12.45 வரை குரூப் போட்டோ, அதன்பின் அரை மணி நேரம் இருவர் மட்டும். 1.15க்கு விருந்து, 3 மணிக்கு எல்லாம் முடிகிறது. 8.45 முதல் 3 வரை ஆறேகால் மணி நேரம். தாமதத்துக்கு அரை மணி நேரம் சேர்த்தால் ஆறே முக்கால். ஏழு மணி நேரம் பேசலாம். பத்து மணி நேரப் பேக்கேஜ் இங்கே வீண்.

இப்போது அதே நாளில் வரவேற்பு மாலை ஆறு மணிக்கு என்று மாற்றுங்கள். எட்டரை வரை ஆள் வேண்டும் என்றால் கணக்கு பதினொன்றே முக்காலாகத் தாவுகிறது. ஆனால் மதிய உணவுக்குப் பிறகு மாலை ஐந்தரை வரை யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. இந்த மாதிரி நாளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேரத்தை இரண்டாகப் பிரித்துத் தருவீர்களா? காலை 8.45 முதல் 1.45 வரை ஐந்து, மாலை 5.30 முதல் 8.30 வரை மூன்று, மொத்தம் எட்டு. சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர், நாள் முழுவதும் உங்களுக்காக ஒதுக்கியாயிற்று, தொடர்ச்சியாகத்தான் எண்ணுவேன் என்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அந்த இடைவெளியில் இன்னொரு வேலை எடுக்க முடியாது. அப்படியானால் வெறும் இடைவெளியை நிரப்புங்கள். வெயில் நேரத்தில் அவசரமாக எடுக்கவிருந்த உங்கள் இருவர் படங்களை மாலை ஐந்து மணிக்குத் தள்ளுங்கள்.

பதிவு அலுவலகத்தில் பத்துப் பேரோடு நடக்கும் திருமணத்துக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். இரண்டு மணி நேரம் தாராளம். பல நாள் நிகழ்ச்சிகள் என்றால் ஒவ்வொரு நாளையும் தனித்தனியே இப்படிப் போட்டுப் பாருங்கள். எல்லா நாளுக்கும் ஒரே மணிக்கணக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. முதல் நாளுக்குப் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் போதும்.

5. இரண்டாவது கேமரா வேண்டுமா?

ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நடப்பதைப் பிடிக்கத்தான் இரண்டாவது புகைப்படக்காரர். மணமக்கள் இருவரும் வேறு வேறு இடத்தில் தயாராகிறார்கள், இரண்டும் உங்கள் கோடு போட்ட பட்டியலில் இருக்கிறது என்றால் அவர் வேண்டும். சடங்கின்போது உங்கள் முகமும், எதிரே இருக்கும் பெற்றோரின் முகமும் அதே நொடியில் வேண்டும் என்றாலும் வேண்டும். கூட்டம் பெரிது என்றாலும் உதவும். இந்த மூன்றும் இல்லையென்றால், இருவர் ஒரே கோணத்தில் எடுத்த ஒரே படம்தான் இரண்டு முறை வரும். சில நாள்களில் இரண்டாமவரைச் சேர்ப்பதே மணி நேரத்தையும் குறைக்கும்: மணமகன் வீட்டுக்கும் மணமகள் வீட்டுக்கும் ஒருவரே ஓடினால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

வீடியோ குழு தனியாக வருகிறதா? அவர்களையும் புகைப்படக்காரரையும் ஒரு முறையாவது பேச வையுங்கள். மேடைக்கு எதிரே ஐந்து பேர் கருவிகளோடு நின்றால் விருந்தினர் பார்ப்பது அவர்களின் முதுகைத்தான்.

6. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நேரம் எப்போது தொடங்குகிறது, இடத்துக்கு வந்ததிலிருந்தா முதல் படத்திலிருந்தா? பயணமும் சாப்பாட்டு நேரமும் கணக்கில் சேருமா? நேரம் மீறினால் அரை மணி நேரத்துக்கு எவ்வளவு? மீறலாம் என்று அன்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு மேடையில் இருக்கும் உங்களிடம் வந்து கேட்க முடியாது. யாரோ ஒரு உறவினர் 'இருங்க தம்பி, இருங்க' என்று சொல்லிவிட்டால் பில் உங்களுக்கு வரும். ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எடிட் செய்த படங்கள் எத்தனை, எத்தனை வாரத்தில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மணிக்கு ஐம்பது முதல் நூறு படம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அன்று அழுத்தும் ஷட்டர் இரண்டாயிரம், மூவாயிரத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி கழிபடும். எண்ணிக்கையைக் காட்டி மயக்குகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; ஆயிரத்தைந்நூறு படம் தருகிறேன் என்றால், கழிக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார் என்றுதான் பொருள். கேமரா ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிகிறதா, அவருக்கு உடல்நலமில்லாமல் போனால் யார் வருவார் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். முழு நிகழ்ச்சி ஒன்றின் படங்கள் அனைத்தையும் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் பக்கத்தில் உள்ளவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கியவை. மங்கலான மண்டப வெளிச்சத்தில், இரவு எட்டு மணிக்கு அவர் எப்படி எடுக்கிறார் என்பது முழுத் தொகுப்பில்தான் தெரியும்.

7. பணம் போதவில்லையென்றால்

முதலில் பேக்கேஜிலிருந்து ஆல்பத்தை நீக்கிவிடுங்கள். அதைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். படங்களை முழு அளவில் வாங்கி வைத்திருந்தால் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் இருபது அங்குல அகலம்வரை அச்சிடலாம். அடுத்து டிரோன். அதற்கடுத்து பின்முனையில் ஒரு மணி நேரம். இரண்டாவது கேமரா அதற்குப் பிறகு. தயாராகும் நேரத்தில் கை வைப்பது கடைசியாக இருக்கட்டும். ஆளை மட்டும் மாற்றாதீர்கள்: நன்றாக எடுப்பவரை ஆறு மணி நேரத்துக்கு வைப்பதா, சுமாராக எடுப்பவரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வைப்பதா என்று வந்தால் நான் யோசிக்காமல் முன்னவரைச் சொல்வேன்.

இன்னொன்று. தேதிக்குப் பல மாதம் முன்னால் முன்பணம் கொடுக்கும்போது உங்களுக்கே நேரங்கள் உறுதியாகத் தெரிந்திருக்காது. அப்போது குறைந்த மணிக்கணக்கைப் பேசி, பிறகு இதே விகிதத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான புகைப்படக்காரர்கள் ஒரு நாளுக்கு ஒரு கல்யாணம்தான் எடுக்கிறார்கள், ஆகவே சேர்ப்பது அவர்களுக்கு எளிது. ஒப்புக்கொண்டதைக் குறைப்பதற்கு மட்டும் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தாளை மறுபடி எடுத்து, உறுதியான நேரங்களை நிரப்பி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, புகைப்படக்காரருக்கு அனுப்புங்கள். கூடவே குரூப் போட்டோவுக்கு ஆள் கூப்பிடப்போகும் இரண்டு பேரின் தொலைபேசி எண்களும் போகட்டும்.